மனசைப் பழக்குவது எப்படி? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் உளவியல் வகுப்புகளிலும் ஆலோசனை நேரத்திலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கொடுத்திருக்கிறோம். முதல் நான்கையும் வரிசையாகப் படித்துவிடுங்கள். பின்னால் வரும் பதில்கள் அவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

1. உளவியலுன்னா புத்தி பேதலிச்சவங்களுக்குப் பாக்கறதுதானுங்களே? நல்லா இருக்கறவங்களுக்கு அதுல என்னங்க சோலி?

நோயைக் குணப்படுத்துவது உளவியலின் ஒரு பகுதி. நன்றாக இருப்பவர் இன்னும் நிறைவாக வாழ்வது எப்படி என்பதையும் அந்தத் துறை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. கரோல் ரிஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1989-இல் நல்வாழ்வை ஆறு கூறுகளாகப் பிரித்தார்: தன்னை உள்ளபடி ஏற்பது, பிறரோடு நல்லுறவு, சொந்தமாக முடிவெடுப்பது, அன்றாடத்தைச் சமாளிக்கும் திறன், வாழ்க்கைக்கு ஒரு நோக்கம், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வு. இந்த ஆறில் மகிழ்ச்சி என்று தனியாக ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்றவை இருந்தால் அது அவ்வப்போது கூட வரும்.

பல்லடத்தில் தறி வைத்திருப்பவருக்குத் தறி ஓடுகிறது, கடன் அடைந்துவிட்டது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் வருசக்கணக்காக நின்ற இடத்திலேயே நிற்பதாக அவருக்குத் தோன்றினால் அது நோயல்ல. ஆறாவது கூறு காலியாக இருக்கிறது. அதற்கு மாத்திரை கிடையாது, பழகிக்கொள்ள வழிகள் உண்டு. இந்தப் பக்கம் அந்த வழிகளைப் பற்றியது.

2. செரி, எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஏழு நாளைக்கு, என்ன செய்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று ஒரு வரியாக எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் போடுங்கள். ஒன்று, அது எவ்வளவு பிடித்திருந்தது (0 முதல் 10). இன்னொன்று, செய்து முடித்ததில் எவ்வளவு நிறைவு (0 முதல் 10). மனச்சோர்வுச் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாக இருக்கும் முறை இது. நோய் இல்லாதவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, ராத்திரி படுக்கும்போது மொத்தமாக எழுதுவது. சாயங்காலம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலையில் நன்றாக இருந்த நேரத்துக்கும் 2 மதிப்பெண்தான் விழும். அதனால் காலை டீக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் என்று மூன்று தடவையாக எழுதுங்கள். அடுத்த தவறு, எழுத ஆரம்பித்ததும் வாழ்க்கையைத் திருத்தத் தொடங்குவது. இந்த ஏழு நாளும் எதையும் மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும்.

எட்டாம் நாள் இரண்டு எண்ணும் 7-க்கு மேல் இருக்கும் வரிகளைச் சுழியுங்கள். பிடித்தம் அதிகமாகவும் நிறைவு குறைவாகவும் உள்ள வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள்; பெரும்பாலும் கைப்பேசி அங்கேதான் வந்து நிற்கும். பிடித்தம் குறைவு, நிறைவு அதிகம் என்று சில வரிகள் இருக்கும்: வயசான ஆத்தாவுக்குத் தண்ணி வாக்கறது, பால் சொசைட்டிக் கணக்கு எழுதறது. பலருக்கும் ஆச்சரியம் தருவது இந்த மூன்றாவது வகைதான். அலுப்பான வேலை என்று நினைத்ததில் வாழ்க்கையின் அர்த்தம் இருக்கக்கூடும் என்பது நோட்டைப் பார்த்த பிறகே தெரியவரும்.

3. எனக்கு என்ன வேணும்னே தெரியலீங்க. எல்லாரும் செய்யறதையே நானும் செஞ்சுட்டு இருக்கறேன்.

ஒரு தாளில் பத்துத் தலைப்பு எழுதுங்கள்: துணை, பிள்ளைகள், பெற்றோர், உறவும் நட்பும், தொழில், கற்பது, உடம்பு, ஊர்ப்பொது, வழிபாடு, ஓய்வும் விளையாட்டும். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று 10-க்கு ஒரு எண் போடுங்கள். போன வாரம் அதற்கு ஏற்ப எவ்வளவு நடந்துகொண்டீர்கள் என்று பக்கத்திலேயே இன்னொரு எண். இரண்டாவது எண்ணை ஞாபகத்திலிருந்து போட வேண்டாம், 2-ஆம் கேள்வியில் சொன்ன நோட்டைப் பார்த்துப் போடுங்கள். "பிள்ளைகள் 10" என்று எழுதியவர் நோட்டைப் புரட்டினால் வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு பேசியது, "படிச்சியா?" என்ற கேள்வி மட்டுமாக இருக்கும்.

இங்கே குறிக்கோளையும் விழுமியத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மகளை டாக்டருக்குப் படிக்க வைப்பது குறிக்கோள். அது ஒருநாள் முடியும், முடியாமலும் போகும், பாதி உங்கள் கையில் இல்லை. மகள் பயமில்லாமல் வந்து பேசக்கூடிய அப்பாவாக இருப்பது விழுமியம். அதற்கு முடிவு கிடையாது, இன்று ராத்திரியே செய்யலாம், மதிப்பெண் குறைந்த அன்றைக்கும் செய்யலாம். குறிக்கோள் மட்டும் வைத்திருப்பவர் அது கை நழுவியதும் வெறுமையாகிவிடுகிறார்.

நாலு பேருக்காக எழுதினீர்களா, உங்களுக்காக எழுதினீர்களா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இதைச் செய்தது ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை என்றாலும் செய்வேனா? இல்லை என்று பதில் வந்தால் அந்த எண்ணைக் குறையுங்கள். பிறகு இடைவெளி உள்ள ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பெரிய இடைவெளியைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 24 மணி நேரத்துக்குள் ஏதாவது ஒன்று செய்ய முடிகிற தலைப்பு எதுவோ அதுவே நல்லது.

4. முடிவெடுத்தா மூணு நாளைக்கு மேல தாங்கறதில்லீங்க. மனசுல உறுதி பத்தலையா?

பெரும்பாலும் குறை உறுதியில் இல்லை, முடிவின் வடிவத்தில் இருக்கிறது. "இனிமேல் புள்ளையோட நேரம் செலவு பண்ணோணும்" என்பதில் எப்போது, எங்கே, என்ன என்று எதுவுமே இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் ஒரு எளிய வடிவத்தை ஆராய்ந்தார்: "இது நடந்தால், உடனே இதைச் செய்வேன்." அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், இப்படி எழுதி வைத்தவர்கள் வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் செய்து முடித்திருந்தார்கள்.

உங்கள் வரி இப்படி இருக்கட்டும்: "தறியை நிறுத்திக் கைகால் கழுவினதும், திண்ணையில் உட்கார்ந்து 10 நிமிசம் மகள் சொல்றதைக் கேட்பேன்." தொடக்கமாகக் கடிகார நேரத்தை வைக்காதீர்கள். ஷிப்ட் மாறும், கரண்ட் போகும், ஒறம்பரை வரும். தினமும் எப்படியும் நடக்கிற ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள்: கைகால் கழுவுவது, மாட்டுக்குத் தீவனம் போடுவது, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது. "நேரம் கெடைச்சா" என்பது தொடக்கமே அல்ல.

அடுத்து, எது குறுக்கே வரும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஆராய்ச்சியாளர் இதை நான்கு படியாக்கினார்: ஆசை, அது நடந்தால் கிடைக்கும் நல்லது, உள்ளுக்குள் வரும் தடை, தடை வந்தால் செய்ய வேண்டியது. இனிய கற்பனையோடு நிறுத்துகிறவர்கள் குறைவாக முயல்கிறார்கள் என்பதையும் அவரது ஆய்வுகள் காட்டின. நடந்துவிட்டது போலவே மனசு நிறைந்துவிடுகிறது. தடையை எழுதும்போது உங்களுக்குள்ளே இருப்பதை எழுதுங்கள்: அலுப்பு, கூச்சம், "நான் போய் அவன்கிட்ட முதல்ல பேசறதா" என்ற எண்ணம். "முதலாளி விடமாட்டார்" என்று எழுதினால் நான்காவது படியில் எழுத ஒன்றும் இருக்காது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு வரிதான். மூன்று வரி எழுதுபவர் மூன்றையும் விட்டுவிடுகிறார்.

5. 21 நாள் செஞ்சாப் பழக்கமாயிருமுன்னு சொல்றாங்களே?

அந்த எண் 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் சொன்னதிலிருந்து பரவியது. முகம் மாறிய நோயாளிகள் அதற்குப் பழக ஏறத்தாழ மூன்று வாரமாவது ஆகிறது என்பதுதான் அவர் கவனித்தது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவரது குழுவினரும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் வந்துவிடும், உடற்பயிற்சிக்கு நாளாகும்.

இதே ஆய்வில், நடுவே ஒருநாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. நோம்பி நாளில் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். "போச்சு, முதல்ல இருந்து எண்ணோணும்" என்று நினைப்பதால்தான் பலரும் அடியோடு விட்டுவிடுகிறார்கள்.

6. பனியன் கம்பெனில ஒன்றரை ஷிப்ட் போறேனுங்க. வீட்டுக்கு வந்தா விழுந்து தூங்கத்தான் தெம்பு இருக்குது. எனக்கெல்லாம் இது ஆகுமுங்களா?

முதலில் தூங்குங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அது இல்லாதபோது கோபம் சீக்கிரம் வரும், யோசனை குறுகும், எந்தப் பயிற்சியும் ஒட்டாது. ராத்திரி ஷிப்ட் முடித்து வருபவர் சன்னலுக்கு அடர்த்தியான துணி மாட்டுவதும், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிக் கைப்பேசியை வேறு அறையில் வைப்பதும் எந்தத் தியானத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியவை.

அதற்கு மேல், நோட்டெல்லாம் வேண்டாம். டீ நேரத்தில் ஒன்று, வீடு திரும்பும் பஸ்ஸில் ஒன்று என்று இரண்டு மூன்று நிமிசம் போதும். 3-ஆம் கேள்வியில் தேர்ந்த தலைப்பில் இன்று என்ன செய்தேன் என்று மனசுக்குள் ஒரு தடவை பாருங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: 12 மணி நேர வேலையால் வரும் களைப்பு மனசின் குறையல்ல. அது கூலியின், குடும்பச் செலவின், கடனின் பிரச்சினை. அதை உளவியலால் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வட்டி குறைந்த கடனுக்கு மாற முடியுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போடுவது, சிலருக்கு எந்த மனப்பயிற்சியையும்விட அதிக நிம்மதி தரும்.

7. தினமும் மூணு நல்ல விசயம் எழுதச் சொன்னாங்க. ஒரு மாசத்துல சலிச்சுப் போச்சுங்க.

தினமும் எழுதினால் சலிக்கத்தான் செய்யும். ராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கலவும் 2003-இல் வெளியிட்ட முதல் சோதனையில் வாரம் ஒருமுறைதான் எழுதச் சொன்னார்கள், ஐந்து விசயம் வரை. பின்னால் சோன்யா லியூபோமிர்ஸ்கி குழு ஒப்பிட்டபோதும் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய சாயங்காலம் எழுதுங்கள், போதும்.

"குடும்பம், ஆரோக்கியம், மழை" என்று எழுதினால் மூன்றாம் வாரமே வெற்றுச் சொல்லாகிவிடும். யார், என்ன செய்தார், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று எழுதுங்கள். "காய்ச்சல்ல கெடந்தப்ப நங்கையா தன்னோட சோலிய விட்டுட்டு வந்து மூணு வேளையும் கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க" என்று எழுதினால் அது அவரோடு நீங்கள் பேசும் விதத்தையே மாற்றும். எழுதியதை அவரிடமே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

8. மனசுல இருக்கறதை எழுதுனா லேசாகும்னாங்க. எனக்கு எழுத எழுதக் கனமாகுதுங்க.

முதல் இரண்டு நாள் கனமாவது இயல்பு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்விலும் எழுதி முடித்த கையோடு பலருக்கு வருத்தம் கூடியது. நன்மை சில மாதம் கழித்தே தெரிந்தது. அவர் முறை இதுதான்: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிசம், மனசை உறுத்தும் விசயத்தைப் பற்றி, நிறுத்தாமல், எழுத்துப்பிழை பார்க்காமல், யாருக்கும் காட்டாமல். நான்காம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். மாதக்கணக்காக அதையே எழுதிக்கொண்டிருந்தால் அது புண்ணைக் கிளறுவதாகிவிடும்.

நாளாக நாளாக "அதனால்தான்", "அப்பத்தான் புரிஞ்சுது" போன்ற சொற்கள் கூடிவருகிறவர்களுக்குப் பலன் அதிகம். நான்கு நாளும் அதே திட்டு, அதே வரி என்றால் இந்த முறை உங்களுக்கு ஏற்றதல்ல, 9-ஆம் கேள்வியில் வருவதைச் செய்யுங்கள். சம்பவம் நடந்து சில வாரம்கூட ஆகவில்லை என்றால் இப்போது வேண்டாம். எழுதும்போது உடம்பு நடுங்கினாலோ அந்தச் சம்பவம் கண்முன் மறுபடி நடப்பதுபோல் இருந்தாலோ உடனே நிறுத்திவிட்டு 16-ஆம் கேள்விக்குப் போங்கள். கூட்டுக்குடும்பத்தில் நோட்டு யார் கையிலாவது கிடைத்துவிடும் என்ற பயம் இருந்தால் தனித்தாளில் எழுதி அடுப்பில் போட்டுவிடலாம். பலன் எழுதுவதில்தான் இருக்கிறது.

9. அடுத்தவங்களுக்கு நல்லா ரோசனை சொல்றேனுங்க. எனக்குன்னு வந்தா புத்தி வேலை செய்ய மாட்டேங்குது. ஏனுங்க?

இது எல்லோருக்கும் உள்ளது. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லித் தன் வீட்டைக் கோட்டைவிட்ட சாலமன் அரசனின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். இகோர் கிராஸ்மனும் ஈத்தன் க்ராஸும் 2014-இல் காட்டியது இது: நண்பனின் பிரச்சினை என்றால் விவேகமாக யோசிக்கும் அதே ஆள் தன் பிரச்சினை என்றதும் சறுக்குகிறார். ஆனால் தன் பிரச்சினையை வெளியே நின்று பார்க்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. விவேகம் என்பது ஆளோடு ஒட்டிய குணம் என்பதைவிட, நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பொதுக்கிணற்றில் முறை வைத்துத் தண்ணி எடுப்பதில் அண்ணனோடு தகராறு என்று வைத்துக்கொள்வோம். முதலில், "நான்" என்று எழுதாமல் உங்கள் பெயரைப் போட்டு, வேறொருவர் கதைபோல எழுதுங்கள்: இன்னார் எதற்குக் கோபப்படுகிறார், எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறார். அடுத்து, இன்னாருக்கு இந்த விசயத்தில் தெரியாதது என்னென்ன என்று குறைந்தது மூன்று எழுதுங்கள். அண்ணன் தோட்டத்து போர் வறண்டுவிட்டதா? அவருக்குக் கடன் நெருக்கடியா? போன வருசம் நாம் சொன்ன ஏதாவது வார்த்தை அவருக்கு இன்னும் உறுத்துகிறதா? பிறகு அண்ணி இதைத் தன் தங்கையிடம் சொன்னால் எப்படிச் சொல்வார் என்று நான்கு வரி. பிறகு, ஐந்து வருசம் கழித்து, வீட்டில் ஒரு கல்யாணம், பங்காளிகள் சபையில் நிற்க வேண்டிய நாளில், இது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று ஒரு வரி. கடைசியில், இரண்டு பேருக்கும் பாதியாவது கிடைக்கும்படி என்ன வழி என்று எழுதுங்கள். மொத்தம் 15 நிமிசம். அன்று ராத்திரியே போய்ப் பேச வேண்டாம். ஒரு தூக்கம் தூங்கி எழுந்து படித்துப் பாருங்கள்.

இதை நான்கு வாரம் நாட்குறிப்பாகவே செய்தவர்கள், "நான்" என்று எழுதியவர்களைவிட விவேகமாக யோசிக்கப் பழகினார்கள் என்று கிராஸ்மன் குழு 2021-இல் வெளியிட்டது. இதில் வழக்கமாகப் போகும் தவறு, மூன்றாமவர் கண்ணில் பார்க்கிறேன் என்று தன் தரப்புக்கு வக்கீலாக எழுதுவது. எழுதியதை அண்ணன் படித்தால் "இதுல என் பக்கமும் இருக்குது" என்று அவர் சொல்வாரா என்று பாருங்கள். மாட்டார் என்றால் திரும்ப எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பதுதான் முடிவு என்றும் நினைக்க வேண்டாம். யோசித்துப் பார்த்த பின், நில அளவையரை அழைத்து அளந்துவிடுவதுதான் சரி என்றும் தெரியவரலாம்.

10. வயசானா விவேகம் தானா வருமில்லீங்களா?

வராது. பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பால் பால்டஸ் குழுவினர் வாழ்க்கைச் சிக்கல்களைக் கொடுத்து, அதைப் பற்றிப் பலரையும் வாய்விட்டு யோசிக்கச் சொல்லி மதிப்பிட்டார்கள். ஏறத்தாழ 20-இலிருந்து 75 வயது வரை, வயதோடு மதிப்பெண் கூடவில்லை. அனுபவம் வேண்டும்தான், அனுபவத்தை எடுத்து ஆராயும் பழக்கமும் வேண்டும்.

அதற்காகப் பெரியவர்களை விட்டுவிடாதீர்கள். அப்பாரிடமும் அப்புச்சியிடமும் "எனக்கு அறிவுரை சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்ததே வரும். "ஒரு காலத்துல செரின்னு நெனைச்சு, பொறவு தப்புன்னு பட்டது எது? அன்னைக்கு என்ன தெரியாம அப்படி முடிவெடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிற உங்களுக்கும் நல்லது, சொல்கிற அவருக்கும் நல்லது, காரணம் 15-இல்.

11. மனவளக்கலை மன்றத்துக்குப் போயிட்டு இருக்கறேன். இதுவும் அதுவும் ஒண்ணுதானுங்களா?

ஒன்றல்ல, ஆனால் உரசுகிற இடங்கள் உண்டு. மனவளக்கலையைத் தந்தவர், ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் கண்ட வேதாத்திரி மகரிஷி (1911–2006). அவர் அகத்தாய்வு என்று வகுத்தவற்றில் எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் உண்டு. கவலைகளை அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று எழுதிப் பிரிப்பார்கள். நடத்தைச் சிகிச்சையிலும் இதற்கு நெருக்கமான முறை இருக்கிறது. தாமஸ் பார்க்கோவெக் குழுவினர் 1983-இல், தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அரை மணி கவலைப்பட ஒதுக்குங்கள், மற்ற நேரத்தில் வருவதை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள் என்று சோதித்துப் பார்த்தார்கள். கவலைப்படும் நேரம் குறைந்தது.

வேறுபாடு இதில்தான்: உளவியல் இறைநிலை பற்றியோ பிறவி பற்றியோ எதுவும் சொல்வதில்லை. ஒரு முறையைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு அளந்து பார்ப்பது அதன் வேலை. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். கண்ணை மூடி உட்கார்ந்தால் படபடப்புக் கூடுகிறது என்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, நேரத்தைக் குறைத்து, சொல்லிக்கொடுப்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

12. மச்சான் வீடு கட்டிட்டான், காரு வாங்கிட்டான். பாத்தா வெசனமாவே இருக்குது. இதை எப்படிங்க விடறது?

ஒப்பிடுவதை நிறுத்த முடியாது. அளந்து சொல்ல வேறு வழி இல்லாதபோது மனிதர் பக்கத்தில் இருப்பவரை வைத்துத்தான் தன்னை அளக்கிறார் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இலேயே எழுதினார். அளவுகோலை மாற்றத்தான் முடியும். 3-ஆம் கேள்வியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். கார் அந்தப் பத்தில் எதில் வருகிறது? எதிலுமே வரவில்லை என்றால் சில நாளில் இந்த வெசனம் தணியும். தொழிலில் வருகிறது என்றால் மச்சானிடமே போய் எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். பொறாமை பெரும்பாலும் நமக்கு முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறது.

13. நான் படிக்கறேன்னு கிளம்புனதுமே வீட்டுல "இவ மாறிட்டா"ங்கறாங்க. இதெல்லாம் சுயநலம்தானுங்களா?

இல்லை. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாட்டில் மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு: தன் விருப்பத்தோடு செய்வது, திறமை வளர்வது, பிறரோடு ஒட்டுறவு. தன் விருப்பத்தோடு செய்வது என்றால் குடும்பத்தை உதறிவிட்டுத் தனியாக நிற்பது என்று பொருளல்ல. மாமியாருக்கு மனசாரச் செய்யும் மருமகள் தன் விருப்பத்தோடு செய்கிறாள். பயந்துகொண்டு செய்பவள், அதே வேலையைச் செய்தாலும், அப்படியல்ல.

வீட்டாரின் சங்கடத்துக்குக் காரணம் பெரும்பாலும் நடைமுறைதான்: அந்த நேரத்துச் சமையலை யார் பார்ப்பது, சின்னவனைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது. "எனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அத்தை, செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் வகுப்பு இருக்குதுங்க. கொழம்பு வெச்சுட்டுப் போயிர்றேன். சின்னவனை மட்டும் அந்த ரெண்டு நாளும் கூட்டிட்டு வந்தீங்கன்னா போதுங்க. மூணு மாசம் பாத்துட்டு மறுபடி பேசிக்கலாமுங்க." நாள், நேரம், நீங்கள் செய்வது, அவரிடம் கேட்பது, மறுபடி பார்க்கும் தேதி ஐந்தும் இதில் இருக்கின்றன. அதற்கும் அடியும் மிரட்டலும்தான் பதில் என்றால் அது வீட்டுச் சங்கடமல்ல, வன்முறை. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

14. கஷ்டப்பட்டாத்தான் மனுசன் உருப்படுவான்னு எங்கப்பன் சொல்லுவாரு. நெசமுங்களா?

பேரிழப்புக்குப் பிறகு சிலர் உறவையும் வாழ்க்கையையும் புதிதாக மதிக்கத் தொடங்குகிறார்கள் என்பதை ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கல்ஹூனும் 1990-களில் விரிவாக எழுதினார்கள். அந்த வளர்ச்சி துன்பத்திலிருந்து தானாக முளைப்பதில்லை, அதோடு மல்லுக்கட்டுவதில் வருவது என்றே அவர்கள் சொன்னார்கள். வதைமுகாமில் இருந்து மீண்ட வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்கல், துன்பத்திலும் அர்த்தம் காணலாம் என்று சொன்னவர். தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்ப்பதே சரி என்று சொன்னவரும் அவரே.

அதனால் இழவு வீட்டில் போய் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு வேண்டுமென்றே கஷ்டம் கொடுத்து வளர்க்கவும் வேண்டாம். தன்னால் சமாளிக்க முடிகிற அளவு சிரமமும், பக்கத்தில் துணைக்கு ஒரு பெரியவரும் இருந்தால்தான் பிள்ளை அதிலிருந்து கற்கும்.

15. புள்ளையக் கட்டிக் குடுத்தாச்சு, பையன் பெங்களூர்ல இருக்கறான். கடமையெல்லாம் முடிஞ்சுது. இனி எதுக்கு இருக்கறோம்னு தோணுதுங்க.

முதலில் ஒன்று. "எதுக்கு இருக்கறோம்" என்பது வெறுமையா, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமா? இரண்டாவது என்றால் நேராக அடுத்த பதிலுக்குப் போங்கள்.

வெறுமை என்றால் இது வாழ்க்கையின் இயல்பான ஒரு கட்டம். நடுவயதில் தொடங்கும் முக்கிய வேலை அடுத்த தலைமுறையை வளர்த்துவிடுவது என்று எரிக் எரிக்சன் 1950-இல் எழுதினார். அந்த அடுத்த தலைமுறை சொந்தப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் கையில் இருந்தும் இளசுகளுக்குத் தெரியாத மூன்று வேலைகளை எழுதுங்கள். உதாரணத்துக்குச் சில: மாட்டின் சுழி பார்ப்பது, மஞ்சள் வேக வைக்கும் பதம், பவானி ஜமக்காளத்துக்கு நூல் சாயம் போடுவது, லேத்தில் காதால் கேட்டே பழுதைச் சொல்வது. அதில் ஒன்றை, ஒரே ஒரு ஆளுக்கு, வாரம் இரண்டு மணி நேரம், மூன்று மாதம் சொல்லிக்கொடுங்கள். அரசுப் பள்ளி, ஊர் நூலகம், கோயில் கணக்கு என்று ஆள் தேவைப்படக்கூடிய இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். "நான் வராவிட்டால் அங்கே ஒரு ஆள் காத்திருப்பார்" என்ற நிலை வேண்டும். அர்த்தமுள்ள வாழ்வைப் பற்றிய ஆய்வுகள் மூன்றைச் சொல்கின்றன: வாழ்க்கை புரிகிறது, போகும் திசை இருக்கிறது, நான் இருப்பது யாருக்கோ பொருட்டாக இருக்கிறது. பிள்ளைகள் வெளியூர் போனதும் முதலில் அடிபடுவது மூன்றாவதுதான்.

சொல்லிக்கொடுக்கப் போய்க் கசந்து திரும்புபவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும், கற்க வந்தவன் கேட்காததையும் சேர்த்துச் சொல்வது. அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

16. எப்பங்க டாக்டர்கிட்டப் போகோணும்? யார்கிட்டப் போறது?

இரண்டு வாரம் தொடர்ந்து, ஏறத்தாழ எல்லா நாளும், மனசு சோர்ந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெட்டிருந்தால் போங்கள். வயசானவர்களுக்கு இது உடம்பு வலியாகவும் அசதியாகவும் வெளிப்படுவதுண்டு. தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் இப்படி இருக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். இந்த நிலையில் மேலே சொன்ன பயிற்சிகளை மட்டும் நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சுவழிச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வாழ்க்கைப் பயிற்சியாளர் என்ற பெயருக்கு நம் நாட்டில் எந்த உரிமமும் தேவையில்லை. இரண்டு நாளில் வாழ்க்கையை மாற்றித் தருவதாக ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சாகத் தோன்றினால் 14416-ஐ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-உம் இருக்கிறது. வீட்டில் யாரைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால் "சாகோணும்னு நெனைக்கறீங்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோட்டத்து வீடுகளில் பூச்சி மருந்தை அன்றைக்கே அப்புறப்படுத்திப் பூட்டுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். அந்த உந்துதல் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காப்பாற்றும்.

17. இதெல்லாம் செஞ்சு நான் மாறுனனா இல்லையான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

மூன்று மாதம் கழித்து 3-ஆம் கேள்வியின் தாளைப் புதிதாக எழுதுங்கள். பழைய தாளைப் பார்க்காமல் எழுதிவிட்டுப் பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட ஒரு தலைப்பில் இரண்டாவது எண் 2 கூடியிருந்தாலே நல்ல மாற்றம். முதல் எண்ணே மாறியிருந்தால், உதாரணமாகத் தொழில் 10-இலிருந்து 7 ஆகியிருந்தால், அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். எண் மாறவே இல்லை என்றால் 4-ஆம் கேள்வியில் எழுதிய வரியை எடுத்து, எத்தனை நாள் அந்தத் தொடக்கச் செயல் உண்மையில் நடந்தது என்று எண்ணுங்கள். தொடக்கமே நடக்கவில்லை என்றால் வேறு தொடக்கம் வையுங்கள். தொடக்கம் நடந்தும் செய்யவில்லை என்றால் செயலைப் பாதியாகக் குறையுங்கள்.

விவேகத்தை மட்டும் தன்னைத்தானே அளக்க முடியாது. தனக்கு நிறைய இருக்கிறது என்று எண்ணுபவருக்குக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. உங்களோடு அடிக்கடி முட்டிக்கொள்ளும் ஒருவரிடம், பிரியமானவரிடம் அல்ல, இப்படிக் கேளுங்கள்: "இப்பல்லாம் நீங்க பேசறப்ப, முழுசாக் கேட்டுட்டுப் பதில் சொல்றனா, நடுவுல வெட்டறனா?" பதில் எப்படி வந்தாலும் விளக்கம் சொல்லாமல் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அவரிடமே அதே கேள்வியைக் கேளுங்கள்.